விசிறி விரியும்போது எதைப் பார்ப்பது?

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவுக்குப் போயிருப்பீர்கள். ஊழியர்களின் பிள்ளைகள் வாடகைக்கு எடுத்த பரதநாட்டிய உடையில் வரிசையாக மேடையேறுவார்கள். அவர்களுக்கு அடுத்து, ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கும் சிறுமி ஒருத்தி உடம்போடு ஒட்டிய லியோடார்டில் வந்து கரணம் போடுவாள். முதல் உடைக்கு 'எவ்வளவு அழகு' என்போம். இரண்டாவதைப் பார்த்து நாற்காலியில் கொஞ்சம் நெளிவோம். ஒன்று அலங்காரம், மற்றது கவசமில்லாத உடம்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே வேலைக்காகத் தைத்தவை: ஆடுபவரின் இடுப்பும் முழங்காலும் என்ன செய்கின்றன என்று பார்ப்பவருக்குக் காட்டுவது. அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு.

லியோடார்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1859 நவம்பரில் பாரிஸில் ழூல் லியோடார்ட் என்ற இளைஞர், அந்தரத்தில் ஒரு ஊஞ்சலை விட்டு அடுத்த ஊஞ்சலைப் பிடித்துக் காட்டினார். தொளதொள சட்டை போட்டுக்கொண்டு செய்கிற வித்தையல்ல அது. கயிற்றில் துணி மாட்டினால் உயிர் போய்விடும். அதனால் உடம்பை இறுகப் பிடிக்கும் பின்னலாடை போட்டிருந்தார். 1870-இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் உடைக்கு அவர் பெயர் நிலைத்தது. சர்க்கஸிலிருந்து அது பாலே வகுப்புக்குள் நுழைந்தது. மாணவியின் முழங்கால் மடங்கியிருக்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமே!

வகுப்பறை உடையை மேடைக்கே கொண்டுவந்த துணிச்சல், நியூயார்க்கில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சைனுடையது. 1946-இல் கனமான ஆடைகளோடு அரங்கேற்றிய 'தி ஃபோர் டெம்பரமென்ட்ஸ்' படைப்பை, 1951-இல் அந்த ஆடைகளையெல்லாம் களைந்துவிட்டுப் பயிற்சி உடையிலேயே ஆடவைத்தார். 1957-இல் வந்த 'அகோன்' அதே வழியில் போனது. அதுவரை துணிக்குள் ஒளிந்திருந்த இடுப்பு மூட்டுதான் அதில் கதாநாயகன். அன்றைய கம்பளி, பருத்திப் பின்னலாடைகள் கொஞ்ச நாளில் முழங்காலிலும் பின்புறத்திலும் தொங்கிப்போகும். 1958-இல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த, பின்னால் லைக்ரா என்று பெயர் பெற்ற நூல் அந்தக் குறையைத் தீர்த்தது. ஃபேஷனில் 1943-லேயே வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் லியோடார்டைத் தெருவுக்கு இழுத்து வந்திருந்தார். 1982-இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ அதை வீட்டுக்கூடத்தில் உட்காரவைத்தது. 1985-இல் வடிவமைப்பாளர் டோனா கரன் அதை அலுவலக உடையாக்கினார். அதிகாலை ஷிப்ட் பஸ்ஸுக்கு ஸ்ரீபெரும்புதூரில் காத்திருக்கும் பெண்களின் லெக்கிங்ஸ் இந்த வம்சத்தின் பேத்திதான்.

இனி நம்முடைய கதை.

நாட்டிய வகுப்பில் பெண்கள் பைஜாமாவுக்கு மேல், முழங்கால் வரை ஏற்றிக் கட்டும் பருத்திப் புடவையைப் பார்த்திருப்பீர்கள். மேலாக்கை இறுக்கிச் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார்கள். அதுதான் நம் லியோடார்ட். பரதநாட்டியத்தை ரசிக்கக் கற்க நல்ல இடம் எது என்று கேட்டால், மார்கழி சபாவுக்கு முன்னால் இந்தப் பயிற்சி வகுப்பைத்தான் சொல்வேன். நகை இல்லை, மேடை விளக்கு இல்லை. அடவு, அதாவது நாட்டியத்தின் அடிப்படை அசைவு, சரியா தப்பா என்பது மட்டும் தெரியும்.

மேடை உடைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் தாண்டிப் போனால் வரும் காஞ்சிபுரத்தில்தான், 1925-இல், ஏழு வயது பாலசரஸ்வதி அம்மன் சன்னதியில் அரங்கேறினார். உலகமெல்லாம் சுற்றிய பிறகும் அவர் புடவையைச் சுற்றிக் கட்டியே ஆடினார். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா' படத்தைத் தேடிப் பாருங்கள். கடற்கரையில் காற்று அந்தப் புடவையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. பாலாவின் முகம் கண்ணனைக் கூப்பிட்டபடியே இருக்கிறது. துணி சண்டை போடட்டும், எனக்கு வேலை இருக்கிறது என்பதுபோல. அபிநயத்துக்கு இந்த உடை போதும். போதும் என்ன, இதுதான் பொருத்தம் என்பேன்.

இன்னொரு நாட்டியக் கலைஞரான ருக்மிணி தேவி வேறு ஆள். பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலில் அந்தக் கலையைக் கற்றவர். உடம்பு வரையும் கோட்டின் மேல் அவருக்குத் தீராத மோகம். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். இத்தாலியத் தையல்காரப் பெண்மணி ஒருவரின் உதவியோடு, கோயில் சிற்பங்களையும் பழைய நெசவுகளையும் பார்த்துப் பார்த்துப் புது உடையை வடிவமைத்தார். இடுப்பைச் சுற்றிப் பொதியாக நின்ற துணி போயிற்று. தைத்த பைஜாமா, நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு விசிறி. இன்று ஊரெங்கும் நாம் பார்க்கும் உடை பெரும்பாலும் இதன் வழிவந்ததுதான்.

அந்த விசிறியைப் படிக்கத் தெரிந்தால் நாட்டியத்தில் பாதி பிடிபட்டுவிடும். பாதி உட்காரும் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் திறக்கும்போது விசிறி முழுக்க விரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிகிறதா என்று பாருங்கள். ஒரு முழங்கால் சோம்பல்பட்டால் அந்தப் பக்கத்துக் கரை தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தட்டடவில் விசிறியின் கீழ்விளிம்பைக் கவனியுங்கள். பாதம் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அந்த விளிம்பு மேலும் கீழும் குதிக்கக் கூடாது. குதித்தால் ஆடுபவர் ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து எழுந்து உட்காருகிறார் என்று அர்த்தம். நாட்டடவில் ஒரு கால் நீளும். நீட்டிய காலின் முழங்கால் மடங்கியிருந்தால் மடிப்புகள் அங்கே தளர்ந்து தொங்கும். நிற்பதிலிருந்து அரைமண்டி, அதிலிருந்து முழுமண்டி என்று படிப்படியாக இறங்குவதால், பழக ஏற்றது, நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் அலாரிப்பு. முதல் வரிசையில் உட்காராதீர்கள், மேடை உயரத்தில் பாதம் மறைந்துபோகும். ஐந்தாறு வரிசை பின்னால் போங்கள். நீண்ட உருப்படியான வர்ணத்தின் கடைசித் தீர்மானத்தில், அதாவது அடவுகளை அடுக்கி முடிக்கும் இடத்தில், உடம்பு களைத்த பிறகும் விசிறி அலாரிப்பில் விரிந்த அளவுக்கே விரிகிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு.

பட்டுக்கும் இதில் பங்கு உண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்து கொடுப்பது பழைய வழக்கம். இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால் நிறம் கலங்காமல் கத்தி வெட்டியதுபோல் மாறும். அரக்குக் கரை விளக்கில் வளைந்து விரியும்போது கடைசி வரிசைக்கும் முழங்காலின் கோடு தெரிவது இதனால்தான். முறுக்கிய பட்டு நூலும் ஜரிகையும் கனமானவை; மடிப்பு விரிந்துவிட்டுத் தானாக மடங்கிக்கொள்ளும். நல்ல புடவையைக் கத்தரிப்பதைப் பார்த்து அம்மாக்களுக்கு வயிறு எரிவது நியாயம்தான், ஆனால் பலன் உண்டு. வாடகை உடையில் இந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள். யாருக்கும் பொருந்தட்டும் என்று எலாஸ்டிக் வைத்துத் தைத்த செயற்கைத் துணி அது. விசிறி முழங்காலுக்கு எங்கோ கீழே தொங்கும், நன்றாக உட்கார்ந்த குழந்தையும் உட்காராததுபோலத் தெரியும். நல்ல தையல்காரர் ஆடுபவரை அரைமண்டியில் இருத்தித்தான் விசிறிக்கு அளவெடுப்பார்.

பாலன்சைன் செய்ததற்கு நம்மூரில் இணை தேடினால் நடன அமைப்பாளர் சந்திரலேகாதான் கிடைக்கிறார். அவருடைய குருவும் காஞ்சிபுரத்துக்காரர், எல்லப்பா பிள்ளை. 1985-இல் வந்த 'அங்கிகா'வில் சந்திரலேகா பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். கோயில் நகையையும் பளபளப்பையும் ஒதுக்கிவிட்டு, பயிற்சிப் புடவையின் எளிமையை மேடைக்கு ஏற்றினார். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவருடைய படைப்புகளின் பதிவு கிடைத்தால் முதல் முறை கையையும் முகத்தையும் விட்டுவிடுங்கள். முதுகெலும்பின் அடியில், இடுப்பில், அசைவு எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அதே கண்ணோடு 'அகோன்' பதிவையும் பாருங்கள். லியோடார்டில் இருப்பவர்கள் தரையைத் தள்ளிவிட்டு மேலே போவார்கள். புடவையில் இருப்பவர்கள் தரைக்குள் இறங்குவார்கள். உடை வெளிப்படுத்திக் காட்டும் வித்தியாசம் அது.