ருத்ரா: உறுமலும் மந்திரமும்

சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ‘ருத்ரா’ என்னும் டெத் மெட்டல் இசைக்குழு, தன் படைப்பை ‘வேத மெட்டல்’ எனச் சுட்டுகிறது. அதன் முதல் இசைத்தொகுப்பு 1998இல் வெளிவந்தது. ‘குருக்ஷேத்ரா’ (2003) கீதையைக் கருவாகக் கொண்டது. போர்க்களத்துக்கு இரைச்சல் இயல்பாகவே பொருந்திற்று. ‘பிரம்மவித்யா’ முத்தொகுப்பில் (2005, 2009, 2011) பொருள் ஆன்ம விசாரணையாக மாறியபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது எனலாம்.

வேதம் ஓதும் மரபில் எழுத்தும் ஒலியும் பிறழாமை இன்றியமையாதது. உறுமற்குரலிலோ எழுத்தே சிதைகிறது. இக்குழு ஆங்கில வரிகளைப் பெரிதும் உறுமலுக்கு விட்டு, வடமொழி மந்திரங்களைத் தெளிந்த குரலில் ஓதச் செய்கிறது. இது தக்க தீர்வே. எனினும் மந்திரம் பாடலின் முகப்பில் மட்டும் நிற்குமிடத்து அது அணியாகவே எஞ்சுகிறது; கித்தாரும் முரசும் அதன் நடையைத் தாங்குமிடத்தே இசை முதிர்கிறது.

பேரோசை பக்திக்குப் புறம்பானது என்பார் உளர். சிராங்கூன் சாலைக் கோயில்களில் தீபாராதனையின்போது தவிலும் நாகசுரமும் மணியும் முழங்க, மந்திரம் நம் செவிக்கு எட்டுவது அரிது. ஆயினும் ஓதுபவர் நாவில் அது பிறழ்வதில்லை. ஆதலின் ருத்ராவை அளக்கும் கோல் ஓசையின் அளவன்று. அவ்வோசைக்குள் சொல் பிழைத்திருக்கிறதா என்பதே எனக் கருதுகிறோம்.