இலை கண்விழிக்கும் நேரம்

உருட்டிய ஊலாங் தேயிலை, மிளகைவிடச் சற்றுப் பெரிய கரும்பச்சை மணிகள். பீங்கான் கிண்ணத்தில் போட்டால் கிணுகிணுவென்று ஒலிக்கும். வெந்நீர் பட்டதும் சோம்பலாகப் புரண்டு, மெல்ல, காம்போடு முழு இலையாக விரியும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செம்மை. கைத்திறனெல்லாம் அந்தச் செம்மையில்தான். சீனத்து ஃபூஜியனிலும் தைவான் மலைகளிலும் இலைகளை மூங்கில் தட்டில் குலுக்கி, ஓரம் மட்டும் கன்றவிட்டு, ஆறப்போட்டு, முகர்ந்து முகர்ந்து பார்த்து, பச்சை வாடை போய்ப் பூவாசம் எழும் பதத்தில் சூட்டில் வாட்டி நிறுத்துகிறார்கள்.

குடித்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்கள். அத்தனை பாரத்தை இந்தச் சின்ன இலைமேல் ஏற்ற எனக்கு மனமில்லை. பாலும் சர்க்கரையும் கேட்காத டீ. உடம்புக்கு அதுவே ஒரு உபகாரம். ஒரே இலை ஐந்தாறு முறை வெந்நீர் தாங்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவது கிண்ணம். விழுங்கிய பிறகும் தொண்டையில் இனிப்பு ஊறிக்கொண்டே இருக்கும்.