ஆளுக்கேற்ற சக்கரம்

குத்தம்பாக்கத்தில் பால் கேன் கட்டிக்கொண்டு ஓடும் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள், சர்வதேச டைம் ட்ரையல் பந்தயத்தில் சக்கரத்திலேயே தோற்றுவிடும். அதன் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. டயரையும் சேர்த்தால் 71 செ.மீ. தாண்டும். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் விதி அனுமதிப்பதோ 55 முதல் 70 செ.மீ. வரைதான். 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த நம் வட்டாரக் கண்ணுக்கு, பந்தயச் சக்கரம் சற்றுச் சின்னதாகத் தெரிவதில் வியப்பில்லை.

டைம் ட்ரையலில் ஆள் தனியாக ஓட்டுகிறார். முன்னால் போகிறவரின் முதுகில் ஒண்டிக் காற்றுக்குத் தப்ப வழியில்லை. அதனால்தான் சக்கரத்தின் அளவு இங்கே இத்தனை பேச்சுக்கு இடமாகிறது. 1980களில் முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கி, தலையைத் தாழ்த்திப் பாயும் சைக்கிள்களைச் செய்தார்கள். பார்க்க அத்தனை மிடுக்கு! இரண்டு சக்கரமும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்து அந்த அழகுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இன்று போட்டி 700சி, 650சி என்ற இரண்டு சக்கர அளவுகளுக்கும்தான். முன்னதன் ரிம் 622 மி.மீ., பின்னது 571. 1989இல் டான் எம்ஃபீல்டின் குவின்டானா ரூ நிறுவனம் டிரையத்லான் சைக்கிளில் 650சியைப் பொருத்தியபோது அந்தச் சிறிய சக்கரத்துக்கு ஒரு காலம் பிறந்தது. சக்கரம் சிறுத்தால் எடை குறையும், சட்டென்று வேகம் பிடிக்கும், காற்றுக்குக் காட்டும் முகமும் சுருங்கும். அச்சு சுமார் 25 மி.மீ. இறங்குவதால் ஹேண்டில்பாரையும் அந்த அளவுக்குத் தாழ்த்தலாம்.

ஆனால் பூந்தமல்லி, திருமழிசை தாண்டி குத்தம்பாக்கம் பக்கம் நீளும் பெங்களூரு நெடுஞ்சாலை மேடில்லாத சமவெளி. ஒரே வேகத்தில் நெடுநேரம் மிதிக்கிறவருக்குச் சட்டென்று வேகம் பிடிப்பதால் பெரிய லாபமில்லை. சாலையின் ஒட்டுகளையும் சிறு பள்ளங்களையும் பெரிய சக்கரம் அலட்டாமல் கடக்கும். கியரிலும் கணக்கு இருக்கிறது: 700சியில் 53 பல் செயின்ரிங் தரும் தூரத்தை 650சியில் எட்ட 57 பல் வேண்டும்.

அப்படியானால் 700சி எல்லோருக்கும் பொருந்துமா? குள்ளமானவருக்கான சிறிய ஃபிரேமில் அதை மாட்டினால், அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கும் பிள்ளைபோல இருக்கும். ஹேண்டில்பார் இறங்காது, வளைவில் கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். அதே ஆளை 650சியில் உட்கார வையுங்கள். முதுகு தட்டையாகி, முழங்கை தன் இடத்தில் அமர்ந்து, ஆளும் வண்டியும் ஒரே கோட்டில் வந்துவிடும். ரசிக்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். கண்ணுக்கு உறுத்தாத அளவு பெரும்பாலும் உடம்புக்கும் உறுத்துவதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: ஐந்தே கால் அடிக்கு மேல் உயரமென்றால் யோசிக்காமல் 700சி வாங்குங்கள். அதற்குக் குறைவென்றால் ஒருமுறை 650சியில் உட்கார்ந்து பாருங்கள். பிடித்துவிட்டால், அந்த அளவில் டயரும் ட்யூபும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.