துன்பத்தின் நடுவே எழும் மகிழ்ச்சிப் பாட்டு

துன்பம் வந்தவிடத்து அழுதல் மக்களுக்கு இயல்பு. அழுகையைப் பாட்டாக்குதலும் தமிழர்க்குப் புதிதன்று; இறந்தாரை நினைந்து பெண்டிர் பாடும் ஒப்பாரியே அதற்குச் சான்று. ஆனால் துன்பத்தின் நடுவே நின்று, மகிழ்கின்றேன் என்று பாடுதல் வேறு. கிறித்தவத் தமிழ்ப் பாடல்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. நோயிலும் வறுமையிலும் இழப்பிலும் இறைவனிடத்து மகிழ்ச்சி உண்டு என்பது அவற்றின் அடிநாதம். இதனைக் கேட்போருள் ஒரு சாரார், அது மெய்யுணர்ச்சியன்று. சமயக் கொள்கையைப் பண்ணில் ஏற்றியது மட்டுமே என்பர். மற்றொரு சாரார், பத்திப் பாடலைப் பகுத்து ஆராய்தல் தகாது என்பர். இரு சாராரும் பாட்டினைப் பாட்டாக நோக்கவில்லை. அதில் உள்ள மகிழ்ச்சி மெய்யோ பொய்யோ என்னும் வினாவுக்கு அதன் அமைப்பே விடை கூறவல்லது.

இவ்வினாவை எழுப்புதற்குச் சிங்கப்பூர் ஏற்ற இடம். லிட்டில் இந்தியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழ்க் கிறித்தவர்தம் பழைய ஆலயங்கள் உள்ளன. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம். டோர்செட் சாலையில் கிறிஸ்து ஆலயம். ஓபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம். இவ்வூரே 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்து, 1945 செப்டம்பர் வரை சியோனான் என்னும் பெயருடன் ஜப்பானியர் ஆட்சியில் வாடிய ஊர். சயாம்–பர்மா இருப்புப் பாதை போடுவதற்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் மீளாதவர் பல்லாயிரவர். இத்தகைய நினைவுகள் உறையும் மண்ணில், துன்பத்திலும் மகிழ்க என்னும் சொல்லை எளிதாகச் சொல்லிவிட இயலாது.

வள்ளுவர் நகையும் பவுலின் பாட்டும்

துன்பத்தை வெல்லும் வழியைத் தமிழ் முன்னரே அறிந்திருந்தது. திருக்குறளின் அறுபத்து மூன்றாம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பம் வரும்போது உள்ளத்துள் நகைத்தலே அதனை மேற்கொள்ளும் வழி என்பது வள்ளுவர் கருத்து. கலங்காதவன் துன்பத்துக்கே துன்பம் தருவான் என்றும் அவர் கூறுவார். இங்கே வெற்றி தருவது அறிவுடையான் ஒருவனது உள்ளத் திண்மை. அந்நகைக்குத் துணை வேண்டுவதில்லை, கேட்பார் வேண்டுவதுமில்லை.

கிறித்தவ மறை காட்டும் மகிழ்ச்சி இதனின் வேறுபட்டது. பிலிப்பி நகரில் அடிபட்டுச் சிறையில் இடப்பட்ட பவுலும் சீலாவும், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நள்ளிரவில் இறைவனைப் பாடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அங்கே ஒரு சிறு குறிப்பும் உண்டு. அவர்கள் பாடியதை மற்றக் கைதிகள் கேட்டுக் கொண்டிருந்தனராம். பாடினவர் இருவர், கேட்டவர் பலர். பின்னர் அதே நகரத்துச் சபைக்குப் பவுல் மற்றொரு சிறையிலிருந்து எழுதிய மடலில் மகிழ்ச்சி என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வள்ளுவர் நகை தன்னுள்ளே வேரூன்றியது. பவுலின் மகிழ்ச்சி தனக்குப் புறத்தேயுள்ள ஒருவரைப் பற்றி நிற்பது. முன்னது ஒருவன் ஆண்மை. பின்னது பலர் கூடிப் பாடும் பாட்டு. இவற்றுள் உயர்வு தாழ்வு காண்பது திறனாய்வாளர் பணியன்று. வேறுபாடு காண்பதே பணி.

மற்றொன்றும் கருதத்தக்கது. தமிழ்க் கிறித்தவப் புலவர்க்கு முன்மாதிரியாக விளங்கிய சங்கீதங்கள் நூற்றைம்பதுள் முறையீட்டுப் பாடல்கள் மிகப் பல. இருபத்திரண்டாம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் அலறலாய்த் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் இல்லாத அப்பாடலையும் மறை தன்னகத்தே வைத்துக் காத்தது. எனவே அழுகையை மறைத்து முகமலர்ச்சி காட்டுமாறு அம்மறை எவரையும் பணிக்கவில்லை.

பல்லவிக்குத் திரும்புதல்

இம்மகிழ்ச்சி தமிழில் குடிபுகுந்தபோது அது தேடிக்கொண்ட வடிவங்களுள் முதன்மையானது கீர்த்தனை. பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர், மேனாட்டு மெட்டுகளோடு நில்லாது, தமிழர் பாடிப் பழகிய இசை வடிவங்களிலும் சபைக்குப் பாடல் தந்தனர்.

கீர்த்தனையின் சிறப்பு அதன் திரும்புதலில் உள்ளது. சரணம் தோறும் புதிய செய்தி வரும். ஒன்று நோயைச் சொல்லும். ஒன்று பாவத்தை எண்ணி இரங்கும். ஒன்று சாவினை நோக்கும். ஒவ்வொன்றும் முடிந்தபின் பாடுவோர் பல்லவிக்குத் திரும்பியே ஆதல் வேண்டும். சொல் மாறாத பல்லவி, பொருளில் மாறிவிடுகிறது. தொடக்கத்தில் அது ஒரு கூற்று. நோயைப் பாடியபின் அது விடை. சாவினைப் பாடியபின் அது துணிவு. மகிழ்ச்சி இங்கே துன்பத்தைத் தவிர்த்த வழியில் கிடைப்பதன்று; துன்பத்தினூடே சென்று திரும்பும் வழியில் கிடைப்பது. கூட்டத்தில் ஒருவர் தொண்டை அடைத்து நின்றாலும் மற்றவர் பல்லவியை எடுத்துக் கொள்வர். தனியொருவனால் இயலாத மகிழ்ச்சி கூட்டத்தால் இயல்வதாகிறது. பிலிப்பிச் சிறையில் இருவர் பாடியதன் பொருளும் இதுவே.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் நல்ல பாடலும் நலிந்த பாடலும் தாமே பிரிந்து நிற்கும். சரணத்தில் துன்பம் பெயரளவில் வந்து போகும் பாடல்கள் பல உள. கண்ணீர், கவலை என்னும் சொற்கள் இருக்கும். எவர் கண்ணீர், எதனால் கவலை என்பது இராது. அங்கே பல்லவி திரும்பி வருவதற்கு இடமில்லை. ஏனெனில் அது எங்கும் செல்லவே இல்லை. அத்தகைய பாடலில் மகிழ்ச்சி வெறும் ஓசையாய் முடியும். குறை கொள்கையினது அன்று, பாட்டினது.

இரட்சணிய யாத்திரிகம்

கீர்த்தனைக்கு எளிதாய் வாய்த்த இத்திரும்புதல், காப்பியப் புலவனுக்கு எளிதன்று. விருத்தம் முன்னோக்கிச் செல்வது. கதை ஓட்டத்தில் நின்று திரும்ப நேரமில்லை. இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டவர் எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்து, 1858இல் கிறித்தவரானவர். பிறந்த சமயத்தை விடுதல் சுற்றத்தை நோகச் செய்தலும் ஆகும் என்பதை அக்காலத்துச் சமூகத்தை அறிந்தோர் அறிவர். ஆகவே விட்டுப் பிரியும் வழிப்போக்கன் கதை அவர்க்கு ஏட்டுக் கதை மட்டுமன்று.

அவர் எடுத்துக்கொண்ட மூலம், தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்கும் ஜான் பனியனின் நூல். சமயக் கொள்கைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்த பனியன், 1678இல் அதனை வெளியிட்டார். அக்கதையில், முதுகில் பாரஞ்சுமந்து வரும் வழிப்போக்கன் சிலுவையடியில் வந்ததும் பாரம் கழன்று விழுகிறது. அவன் மகிழ்ந்து துள்ளுகிறான். அதே இடத்தில் கண்ணீரும் பெருக்குகிறான். அழுகையும் துள்ளலும் ஒரே நிற்பில் நிகழ்வதே அக்கதையின் உயிர்நிலை.

நற்போதகம் என்னும் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்ற இரட்சணிய யாத்திரிகம், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களையும் 3,766 பாடல்களையும் உடையது. அதனை இயற்றியவரைக் கிறித்தவக் கம்பன் என்பது வழக்கு. இப்பட்டம் அவர்க்குப் பெருமை சேர்த்ததைப் போலவே தீங்கும் செய்தது. பட்டத்தைக் கேட்டவர் நூலுள் கம்பனைத் தேடினர். நாட்டு வருணனையும் நடையழகும் கம்பனை நினைவூட்டும் இடங்களைத் தொகுத்தனர். கம்பனுக்கு ஈடாகாத இடங்களைக் கண்டதும் நூலை மூடிவைத்தனர்.

நூலில் குறைகள் உண்டு. குணங்களே பெயர் பூண்டு நடமாடுவதால் பாத்திரங்கள் உயிருடைய மாந்தராய் எழுந்து நில்லாத இடங்கள் பல. வடசொற் செறிவு இக்காலத்துக் கற்போரைத் தளர்த்தும். பேரின்பத்தை வருணிக்கும் படலங்களில் அணிகள் அடுக்கி வருகின்றன, உள்ளம் அசைவதில்லை. மகிழ்ச்சியை நேரே வருணிக்க முற்படும்போதெல்லாம் புலவர் தளர்கின்றார்.

அவர் வெல்லும் இடங்கள் வேறு. ஒன்று, இயேசுவின் பாடுகளைக் கூறும் பகுதி. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றது. கட்டுண்டு நிற்பவரைப் புலவர் காட்டும்போது, அவரைப் பிணித்தது கயிறன்று, தம்மைப் பகைத்தாரிடத்தும் அவர் கொண்ட அன்பே என்னும் கருத்தை அமைக்கின்றார். கட்டு அவிழவில்லை, கட்டின் பொருள் மாறிவிட்டது. துன்பம் நீங்காமலே அதன் பொருள் மாறுதல் எங்ஙனம் என்பதை இதனினும் சுருக்கமாய்க் காட்டுதல் அரிது.

மற்றொன்று, காப்பியத்தின் இடையிடையே வரும் இரட்சணிய தேவாரப் பாடல்கள் நூற்று நாற்பத்து நான்கு. கதை நின்று, பாட்டு எழும் இடங்கள் இவை. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய பதிக வடிவத்தைக் கிறித்தவப் புலவர் கையாண்டது வெறும் போலியன்று. முன்னோக்கியே செல்லும் விருத்தத்துக்கு இல்லாத திரும்புதல் பதிகத்துக்கு உண்டு. ஒரே வேண்டுகோளைப் பாட்டுக்குப் பாட்டு எடுத்துரைத்து, அதனிடத்தே மீள்வது பதிக மரபு. கீர்த்தனைக்குப் பல்லவி செய்யும் பணியை இங்கே பதிகம் செய்கிறது. கம்பனிடம் பெறமுடியாத ஒன்றைப் புலவர் தேவார முதலிகளிடம் பெற்றுக்கொண்டார். கிறித்தவக் கம்பன் என்னும் பட்டம் மறைத்துவிட்டது இதனையே.

சாங்கிச் சுவரில் ஒரு சான்று

பாட்டில் கண்ட இவ்வுண்மையைச் சிங்கப்பூர் மண்ணில், வேறொரு கலையில் காணலாம். போர்க் கைதியாய்ச் சாங்கியில் இருந்த ஆங்கிலப் பீரங்கிப் படைவீரர் ஸ்டான்லி வாரன், வயிற்றுக் கடுப்பாலும் சிறுநீரக நோயாலும் நலிந்து ராபர்ட்ஸ் பாசறை மருத்துவமனையில் கிடந்தார். அங்கே, 151ஆம் கட்டடத்தில், புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவரில் ஓவியம் எழுதத் தொடங்கினார். சிறிது நேரம் வரைவார், பின்னர் ஓய்வார். வண்ணங்களை உடன் கைதிகள் வேலைக்குப் போன இடங்களிலிருந்து ஒளித்துக் கொணர்ந்தனர். நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் மேசைச் சுண்ணக்கட்டி உதவியது. 1942 கிறிஸ்துமசுக்கு முன் இயேசுவின் பிறப்பு ஓவியம் நிறைவெய்தியது. ஓவியங்கள் ஐந்தாயின. பிறப்போடு சிலுவைப்பாடும் அவற்றுள் அடங்கும்.

இது ஒருவர் கைவண்ணம். எனினும் பலர் கூட்டுப் பாட்டு. மகிழ்ச்சியை எழுதியவர் சாவின் பக்கத்தில் இருந்து எழுதினார். சுவர்ப்பூச்சால் மூடப்பட்டிருந்த அவ்வோவியங்கள் 1958இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைச் செப்பனிட வருமாறு அழைத்தபோது வாரன் தயங்கினார். பழைய நினைவுகள் அத்துணை வேதனை தந்தன. பின்னர் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து பணிசெய்தார். இத்தயக்கம் ஓவியத்தின் உண்மையைக் குறைப்பதன்று, அதனை மெய்ப்பிப்பது. துன்பம் மறைந்துவிட்டது என்று அவர் எக்காலத்தும் பாசாங்கு செய்யவில்லை. மகிழ்ச்சி இருந்தது, வடுவும் இருந்தது.

ஆசிரியர் கடன்

இவற்றால் பெறப்படுவது யாது? துன்பத்தில் மகிழ்க என்பது துன்புறுவோன் தன் வாயால் பாடும்போது பாட்டு. துன்புறாதவன் பிறனை நோக்கிச் சொல்லும்போது அது கொடுமை. இருப்புப் பாதையில் மாண்ட தொழிலாளரை நோக்கி எவரும் அதனைச் சொல்லுதற்கு உரியரல்லர். அவர்தம் கூடாரங்களில் எழுந்த பாடல்களும் ஒப்பாரிகளும் பல ஏட்டில் ஏறாது மறைந்தன. அம்மௌனத்தின் முன் இருளில் முடியும் எண்பத்தெட்டாம் சங்கீதமே பொருத்தமாக நிற்கும்.

வகுப்பறையில் கிறித்தவ இலக்கியம் பெரும்பாலும் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பட்டப்பெயர் என்னும் மூன்று வினாவிடைகளாய்ச் சுருங்கிவிடுகிறது. கிறித்தவ மாணவர்க்கு அது தம் சமயப் பாடம். பிற மாணவர்க்கு அது தேர்வுப் பாடம். சிங்கப்பூர் போன்று பல சமயத்தார் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் கற்கும் இடத்தில் இது பெரிய இழப்பு. இடுக்கண் அழியாமை அதிகாரத்தையும், அப்பர் பதிகம் ஒன்றையும், இரட்சணிய தேவாரப் பாடல் ஒன்றையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தால், துன்பத்தின் முன் தமிழ் மூவேறு வகையாய் நின்றதை மாணவர் காண்பர். ஒரு கீர்த்தனையை வாய்விட்டுப் பாடச் செய்து, மூன்றாம் சரணத்தின்பின் பல்லவி என்ன பொருள் தருகிறது என்று வினவினால், நம்பிக்கை உடையோரும் இல்லோரும் ஒருங்கே விடை தேடலாம். சமயத்தை ஏற்பது அவரவர் உரிமை. பாட்டின் உண்மையை உணர்வது தமிழ் கற்பார் அனைவர்க்கும் பொது.