எதில் இருபது சதவீதம்?

இளம் வயதில் ஒருமுறை இறங்கிய தோள் மூட்டு மறுபடியும் இறங்கும் வாய்ப்பு அதிகம். கபடியில் கையைப் பிடித்து இழுத்தபோது விலகிய மூட்டு, நாளடைவில் சட்டையைக் கழற்றும்போதும் தூக்கத்தில் புரளும்போதும் நழுவத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை என்று முடிவு செய்ய ஆர்த்தோ டாக்டர் ஸ்கேன் அறிக்கையைத்தான் புரட்டுகிறார். அந்த அறிக்கையை ஒவ்வொருவரும் தம் போக்கில் எழுதாமல், எல்லோரும் ஒரே படிவத்தில், ஒரே வரிசையில், ஒரே சொற்களில் எழுத வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து வருகிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் படிவம் உண்மையில் தீர்க்கும் சிக்கல்கள் சில; தீர்ந்துவிட்டதாக நம்மை எண்ணவைக்கும் சிக்கல்கள் வேறு சில.

கோரிக்கை புதிதல்ல. எக்ஸ்ரே அறிக்கைகளைச் சீர்ப்படுத்த வேண்டுமென்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் பிரெஸ்டன் ஹிக்கி 1922-லேயே எழுதினார். தோளில் அதற்கான தேவை எங்கிருந்து எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்த மூட்டின் வரலாறு கொஞ்சம் வேண்டும்.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. பந்து பெரியது, கிண்ணமோ சிறியது, ஆழமும் குறைவு. கிண்ணத்தைச் சுற்றி லேப்ரம் என்ற விளிம்புத் திசு இருக்கிறது. பந்து முன்பக்கம் நழுவும்போது இந்த விளிம்பு பிய்வதை ஆங்கிலேய அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923-ல் விளக்கினார். நழுவிய பந்து கிண்ணத்தின் ஓரத்தில் மோதி, பந்தின் பின்புறத்தில் பள்ளம் விழுவதை ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் 1940-ல் விவரித்தார்கள். நெடுங்காலம் இந்த இரண்டும் உண்டா இல்லையா என்று சொல்வதே அறிக்கையின் வேலையாக இருந்தது.

2000-ல் பர்க்ஹார்ட்டும் டி பீரும் வெளியிட்ட ஆய்வு கேள்வியையே மாற்றியது. பிய்ந்த விளிம்பைச் சிறு துளைவழியாகத் தைக்கும் பாங்கார்ட் தையல் போட்ட 194 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் மூட்டு மறுபடி விலகியது. எலும்பு இழப்பு மிகுந்தவர்களில் அது 67 சதவீதம். அதன்பின் பள்ளம் உண்டா என்பது போதாமல், எவ்வளவு, எங்கே என்பது கேள்வியானது. கிண்ணத்தில் எலும்பு நிறையப் போயிருந்தால் வெறும் தையல் தாங்காது. அருகிலுள்ள கொரக்காய்டு எலும்பை வெட்டி எடுத்துக் கிண்ணத்தின் முன்விளிம்பில் பொருத்தும் லடார்ஜே அறுவையை நோக்கிப் போக வேண்டும். ஆகவே ‘பாங்கார்ட் கிழிசல் உள்ளது, ஹில்-சாக்ஸ் பள்ளம் உள்ளது’ என்று மட்டும் முடியும் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அறுவை மருத்துவருக்கு அதனால் பயனும் இல்லை. எலும்பு இழப்பு எத்தனை சதவீதம், பள்ளத்தின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று படிவம் கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். படிவத்தின் முதன்மையான பலம் இந்தக் கட்டாயம்தான்.

இன்னொரு பலமும் உண்டு. ஒரு கிழிசலைக் கண்டதும் கண் நிறைவடைந்து தேடலை நிறுத்திவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வது. மூட்டுத் தசைநார் கிண்ணத்தின் பக்கம் கிழியாமல் கை எலும்பின் பக்கம் பிய்ந்து வரும் காயம் அப்படித்தான் தவறிப்போகிறது. அதற்கென்று ஒரு வரி படிவத்தில் இருந்தால் அங்கேயும் கண் போகும்.

இனி குறைகள். மிகப் பெரிய குறை எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. எலும்பு இழப்பை அளக்க, கிண்ணத்தின் கீழ்ப்பகுதிக்குப் பொருந்தும்படி ஒரு வட்டம் வரைந்து, அதில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். குறைந்த பட்டையின் அகலத்தை வட்டத்தின் விட்டத்தால் வகுப்பது ஒரு முறை. குறைந்த பரப்பை வட்டத்தின் முழுப் பரப்பால் வகுப்பது இன்னொரு முறை. இரண்டுமே சதவீதமாகத்தான் அறிக்கையில் ஏறும். விட்டம் 28 மி.மீ., குறைந்த அகலம் 5.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலக் கணக்கில் இழப்பு 20 சதவீதம். அதே தோள், அதே படம், பரப்புக் கணக்கில் சுமார் 14 சதவீதம்தான். எலும்பு ஒட்டு வேண்டுமா என்ற எல்லைக்கோட்டைப் பலரும் 20 முதல் 25 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள். 13.5 சதவீத இழப்பைத் தாண்டினாலே, மூட்டு மறுபடி விலகாவிட்டாலும், நோயாளிக்குத் தோள் திருப்தியாக இருப்பதில்லை என்று 2015-ல் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. எல்லைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கையில், எந்த முறையில் அளந்தோம் என்று சொல்லாமல் கட்டத்தில் ஓர் எண்ணை மட்டும் நிரப்புவது ஆபத்தானது. உரைநடையில் ‘மிதமான தேய்வு’ என்று எழுதியிருந்தால் அறுவை மருத்துவர் ஐயத்தோடு தாமே படத்தை எடுத்துப் பார்த்திருப்பார். ‘20%’ என்று அச்சில் கண்டால் நம்பிவிடுவார்.

இதே நெருக்கடி, கையை உயர்த்தும்போது பந்தின்மேல் கிண்ணம் தொட்டுச் செல்லும் பட்டையான ‘கிளெனாய்டு தடம்’ பற்றிய கணக்கிலும் உண்டு. யமமோட்டோவும் இட்டோயியும் 2007-ல் முன்வைத்த கருத்தை, டி ஜாக்கோமோ உள்ளிட்டோர் 2014-ல் எளிய சூத்திரமாக்கினார்கள்: கிண்ணத்தின் விட்டத்தில் 83 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து இழந்த அகலத்தைக் கழித்தால் தடத்தின் அகலம் கிடைக்கும். பந்திலுள்ள பள்ளத்தின் வீச்சு அதைவிடப் பெரிதானால், பள்ளம் தடத்துக்கு வெளியே போய் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். விட்டம் 28, இழப்பு 3 மி.மீ. என்றால் தடம் 20.2. இழப்பு 5 என்றால் தடம் 18.2. பள்ளத்தின் வீச்சு 19 மி.மீ. என்றால், முதல் அளவீட்டில் தையல் போதும். இரண்டாவதில் பள்ளத்தை நிரப்பும் கூடுதல் அறுவையும் தேவைப்படும். படத்தில் வட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் வரும் 2 மி.மீ. வேறுபாடு ஒருவரின் சிகிச்சையையே மாற்றிவிடும். ‘தடத்துக்கு வெளியே’ என்று டிக் செய்யும் கட்டம் இந்த நடுக்கத்தை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. எல்லையை ஒட்டி நிற்கும் தோளுக்கு ‘எல்லையில்’ என்றே ஒரு கட்டம் வேண்டும் என்பேன்.

படிவம் எழுதுபவரின் கண்ணைத் திரையிலிருந்து கட்டங்களுக்கு இழுக்கவும் செய்யும். மூளை எம்ஆர்ஐ படங்களை வைத்துப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கட்டமைத்த அறிக்கை துல்லியத்தைக் கூட்டவில்லை, குறைத்தது. அது தோளைப் பற்றியதல்ல, மென்பொருளும் பழையது; எனினும் புறந்தள்ளக்கூடிய எச்சரிக்கை அல்ல. தோள் படிவங்கள் பெரும்பாலும் முன்பக்க விலகலை மனத்தில் வைத்தே அமைகின்றன. வலிப்பிலும் மின்னதிர்ச்சியிலும் பின்பக்கம் விலகும் தோள், நேர் எக்ஸ்ரேயில் எளிதாகத் தப்பிவிடுவது. அதற்கு இடமில்லாத படிவம் அதை இன்னொரு முறை தப்பவிடும்.

அதனால் அளவைகளுக்குக் கட்டம், அளந்த முறைக்கும் ஒரு கட்டம், மற்றதற்குச் சில வரி உரைநடை என்ற கலப்பே சரி என்று நினைக்கிறேன்.

அதைவிட அவசரமானது, நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டு. பால்க்கும் புவாலோவும் 2007-ல் வகுத்த மதிப்பெண் முறையில், மறுபடி விலகும் அபாயத்துக்கான 10 மதிப்பெண்ணில் எக்ஸ்ரே தருவது 4 மட்டுமே. மீதி 6 வயது, எந்த விளையாட்டு, எந்த மட்டத்தில், மூட்டுத் தளர்வு உண்டா என்பவற்றுக்கு. ‘வலது தோள் வலி, எம்ஆர்ஐ’ என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, பதில் மட்டும் ஒழுங்கான படிவத்தில் வர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. எத்தனை முறை விலகியது, எந்தப் பக்கம், ஏற்கெனவே அறுவை நடந்ததா என்பது ஸ்கேன் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சீரான அறிக்கைக்கு எல்லோரும் காட்டும் முன்மாதிரி, மார்பகப் படங்களுக்காக அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 1993-ல் கொண்டுவந்த பைராட்ஸ். அதை வெறும் சொற்பட்டியலாக எண்ணுவது பிழை. ‘புற்றாக இருக்கலாம்’ என்று வகைப்படுத்தியவற்றில் திசுப் பரிசோதனை எத்தனையை உறுதி செய்தது என்று மையங்கள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ளும் ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. தோளிலும் அதைச் செய்ய முடியும். துளைவழி அறுவையில் மருத்துவர் கிழிசலை நேரில் பார்க்கிறார், பள்ளம் விளிம்பில் மாட்டுகிறதா என்று கையை அசைத்தே சோதிக்கிறார். அந்தக் குறிப்பு ஸ்கேன் மையத்துக்குத் திரும்பி வர ஒரு வழி வகுத்துவிட்டுப் படிவத்தை அச்சிட்டால், எந்தக் கட்டம் பயன்படுகிறது, எந்தக் கட்டம் வீண் என்பதை நாலைந்து ஆண்டுகளில் அந்த மையமே சொல்லிவிடும்.