வெள்ளரியும் திராட்சையும்: அறவுணர்வின் தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

அறம் என்பது விலங்கியல்பின் மேலிட்ட மெல்லிய பூச்சு என்ற கருத்தைப் பிரான்ஸ் டி வால் தமது நூல்களில் மறுத்தமை வரவேற்கத்தக்கதே. 1902 இல் குரொபொட்கின் நூலாக்கிய பரஸ்பர உதவி பற்றிய வாதத்தின் தொடர்ச்சியாக நாம் இதனைக் கருதுகிறோம்.

ஆயின், 2003 இல் சாரா புரொஸ்னனும் அவரும் வெளியிட்ட பரிசோதனையின் விளக்கத்தை அவ்வாறே ஏற்பதற்கில்லை. சிறு கல்லைத் திருப்பிக் கொடுத்து வெள்ளரித் துண்டு பெற்ற கப்புச்சின் குரங்கு, அயற்குரங்கு அதே செயலுக்குத் திராட்சை பெறக் கண்டதும் வெள்ளரியை மறுத்தது. சமமின்மைக்கெதிரான வெறுப்பு இது என்றனர் ஆய்வாளர். கண்ணெதிரேயுள்ள திராட்சை கிட்டாத ஏமாற்றமே என்றனர் பின்வந்தோர் சிலர். எமது ஐயம் வேறு. திராட்சை பெற்ற குரங்கு அதனை மறுக்கவில்லை. மேலும், உழைப்பு, கூலி, பரிமாற்றம் என்பன காட்டிலிருந்து வந்தவையல்ல. கூண்டுக்குள் மனிதன் கொண்டுசென்றவை. டார்வின் விலங்குகளிடையே ஆங்கிலச் சமூகத்தையே காண்கிறார் என 1862 இல் மாக்ஸ் எங்கெல்சுக்கு எழுதியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

சிம்பன்சிகளின் நிலை சற்று வேறு. துணைக்குக் கரட் மாத்திரம் கிடைத்தபோது, தமக்குரிய திராட்சையை அவை சில வேளைகளில் மறுத்ததாக 2010 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. விவாதம் தொடங்கவேண்டிய இடம் அதுவே. கூலியைத் தீர்மானிப்பவர் அங்கும் மனிதரேயாயினும்.