பணியிடத்தில் விசுவாசம்: இரு நூல்களும் ஒரு நிருபமும்

நம் சபையார் வாரத்தில் சில மணி நேரமே ஆலயத்தில் இருக்கின்றனர். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவர்கள் அலுவலகத்திலும் ஆலையிலும் வயலிலும் வகுப்பறையிலும் கழிக்கின்றனர். அந்த நேரத்தைக் குறித்து நம் அருளுரைகள் கூறுவன பெரும்பாலும் மூன்று: லஞ்சம் வாங்காதே, சோம்பலாயிராதே, உடன் வேலை செய்பவருக்குச் சாட்சி சொல். இம்மூன்றும் வேண்டியவையே. ஆயினும் இவை வேலையின் ஓரத்தைத் தொடுகின்றனவேயன்றி, வேலை எனும் பொருளைத் தொடவில்லை. தொழிலாளி தன் பணிநாளின் எட்டு மணி நேரத்தைக் கடவுளிடம் எவ்வாறு கொண்டுவருவது என்னும் கேள்விக்கு நாம் விடை கூறாமலே ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிடுகிறோம்.

இக்குறையை உணர்ந்த போதகர்களுக்குக் கைகொடுக்கக் கூடியவை இரண்டு. ஒன்று, 'தேவ பிரசன்னத்தின் அப்பியாசம்' எனப் பொருள்படும் தலைப்பில் உலகறிந்த சகோதரர் லாரன்ஸின் சிறுநூல். மற்றது, 'வேலை செய்வது ஏன்?' என்னும் கேள்வியையே தலைப்பாகக் கொண்ட டாரதி சேயர்ஸ் அம்மையாரின் சொற்பொழிவு. இவ்விரண்டும் நமக்கு எதைத் தருகின்றன, எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமையலறைத் துறவி

சகோதரர் லாரன்ஸின் இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மான். லொரேன் நாட்டில் எளிய குடியில் பிறந்தவர்; போர்வீரராயிருந்து காயமுற்றவர். பின்னர் ஒரு செல்வர் வீட்டில் பணியாளாயிருந்தபோது, கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் திறமையற்ற வேலைக்காரனாகத் தாம் இருந்ததை அவரே கூறியுள்ளார். 1640இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் சமையலறையிலும், அதன்பின் செருப்புத் தைக்கும் பட்டறையிலும் உழைத்து, 1691இல் மரித்தார். அவர் நூலாசிரியர் அல்லர். 1666 முதல் அவரோடு உரையாடிய ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு, தம் குறிப்புகளையும் லாரன்ஸின் கடிதங்களையும் அவர் மரணத்துக்குப்பின் வெளியிட்டார். ரோமச் சபையின் மடத்தில் தோன்றிய இந்நூலைப் புரொட்டஸ்தாந்து வாசகர்களும் தம் சொந்தப் பக்தி நூலாக ஏற்றுக்கொண்டனர்.

ஏற்றுக்கொண்டது சரியே. ஜெபத்துக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம் என்று நாம் எழுப்பியுள்ள சுவரை இவர் அமைதியாக இடித்துவிடுகிறார். கடவுள்மேல் கொண்ட அன்பினால் செய்யப்படும் சிறு வேலைக்கும், ஆலயத்தில் முழங்காற்படியிடுவதற்கும் அவருடைய கண்களில் வேறுபாடு இல்லை. இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அவர் தம் வேலையை இயல்பாகவே விரும்பியவர் அல்லர். சமையல் வேலையில் அவருக்கு மிகுந்த வெறுப்பு இருந்தது. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள், அவருக்கோ வியாபாரம் தெரியாது, காலும் ஊனம். படகில் நடக்க இயலாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டே இடம் பெயர்ந்தார். தான் தெரிந்தெடுக்காத வேலையில், தகுதியும் விருப்பமும் இல்லாத இடத்தில் அமர்த்தப்பட்ட ஒருவனுக்கு இவர் கூறும் ஆறுதல் அனுபவத்தில் பிறந்த ஆறுதலாகும். நம் சபையாரில் பலர் அத்தகைய வேலைகளிலேயே இருக்கின்றனர்.

எனினும் இந்நூலை மீண்டும் வாசிப்போர் ஒரு வெற்றிடத்தைக் காண்பர். அந்தச் சமையலறையில் வேறு யார் வேலை செய்தார்கள்? ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்டுக் கூப்பிடும் இரைச்சலிலும் தம் உள்ளம் அமைதியாயிருந்ததாக லாரன்ஸ் கூறுகிறார். உடன் இருப்போர் இரைச்சலாகவே தோன்றுகின்றனர். அவர்களுக்குப் பெயரும் இல்லை, பசியும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. அந்த அடுப்பண்டையில் கூலி இல்லை, வேலைநீக்கம் இல்லை, பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய பிள்ளைகளும் இல்லை. துறவற வாக்குத்தத்தம் எடுத்தவருக்கு மரணம்வரை உணவும் உறைவிடமும் உறுதி. மேலாளர் பொய்க் கணக்கில் கையொப்பம் கேட்கும் நிலை அவருக்கு நேர்ந்ததாக நாம் வாசிப்பதில்லை.

ஆன்ம வழிகாட்டுதலுக்கென எழுந்த நூலில் தொழிற்சங்க நெறியைத் தேடுவது முறையன்று என ஒருவர் கூறலாம். ஒத்துக்கொள்கிறோம். குறை நூலில் இல்லை. அதுவே போதும் என்று எண்ணும் நம்மிடத்தில் இருக்கிறது. வேலைக்கு வராதவர்களின் பெயர்களும் எழுதப்பட்ட வருகைப் பதிவேட்டின் முன் ஒரு கணக்கர் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் உள்ளத்தில் தேவ பிரசன்னத்தை உணர்ந்து அமைதியடைகிறார். பதிவேடோ பொய்யாகவே இருக்கிறது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அவருடைய போதகர் கேட்டாக வேண்டும்.

தச்சனும் மேசையும்

சேயர்ஸ் அம்மையார் 1893இல் ஆங்கிலிக்கன் குருவானவரின் மகளாகப் பிறந்தவர். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றவர். போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஈஸ்ட்போர்ன் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவே நாம் இரண்டாவதாக எடுத்துக்கொண்டது. இவர் லாரன்ஸ் பேசாது விட்டதைப் பேசுகிறார்: வேலையின் பொருளை, அதாவது, கையிலிருந்து வெளிவரும் பண்டத்தை.

புத்தியுள்ள ஒரு தச்சனிடம் திருச்சபை என்ன சொல்கிறது? குடிக்காதே, ஞாயிறன்று ஆலயத்துக்கு வா என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அவனுடைய மார்க்கம் அவனிடம் கேட்கும் முதற்காரியம் நல்ல மேசைகளைச் செய்வதே என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் அம்மையார். வேலை தன்னளவில் உண்மையற்றதாயிருந்தால், செய்தவனின் பக்தி அதை ஈடுசெய்யாது என்பது அவருடைய வாதம். அதனை நம்மேல் திருப்பிப் பார்ப்பது நலம். ஆயத்தமின்றிச் செய்யப்படும் அருளுரை, அதற்குமுன் எவ்வளவு உருக்கமாக ஜெபித்திருந்தாலும், கோணலான மேசையே. விடைத்தாளை வாசியாமல் மதிப்பெண் இடும் ஆசிரியர் காலை ஜெபக்கூட்டத்தை நடத்துவதால் அந்த மதிப்பெண் நேர்மையாகிவிடாது. லாரன்ஸை மட்டும் வாசித்தவர்கள் தப்பிவிடக்கூடிய இடத்தில் அம்மையார் நம்மைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆனால் அவருடைய தச்சனும் தனியாகவே நிற்கிறான். தான் தொடங்கிய மேசையைத் தானே முடிக்கிறான். அதன் அழகைப் பார்த்து மகிழ்கிறான். இது கலைஞனின் வேலை. அம்மையாரின் சொந்த வேலையும் இத்தகையதே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணுக்கு, "உன் வேலைக்கு ஊழியம் செய்" என்னும் உபதேசம் என்ன பொருள் தரும்? அவள் எவ்வளவு செம்மையாகச் சுற்றினாலும் அந்தப் பண்டம் ஒருவருடைய நுரையீரலைக் கெடுக்கிறது. அதன் தூசி அவளுடைய நுரையீரலையும் விடுவதில்லை. வணிக யுகம் தொழிலாளியிடமிருந்து முடிவுப் பொருளின்மேலுள்ள அக்கறையைப் பறித்துக்கொண்டது என்பதை அம்மையாரே கடிந்துரைக்கிறார். ஆயினும் சமூகத்துக்கு ஊழியம் செய்யும் நோக்கத்தோடு வேலை செய்வதை அவர் ஐயத்தோடு பார்க்கிறார். அந்நோக்கம் கைத்தட்டலை எதிர்பார்க்கச் செய்து வேலையைக் கெடுத்துவிடும் என்கிறார். அவ்வெச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் அதன் விளைவாக, லாரன்ஸிடத்தில் இரைச்சலாயிருந்த அயலான் இங்குக் கவனத்தைக் கலைப்பவனாகி விடுகிறான்.

நாவலாசிரியர் அறிந்தது

வியப்புக்குரியது யாதெனில், சொற்பொழிவாளர் சொல்லாததை நாவலாசிரியர் முன்னமே சொல்லியிருந்தார். அம்மையார் 1922 முதல் 1931 வரை லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவராக வேலை பார்த்தவர். அவ்வனுபவத்தைக் கொண்டு அவர் 1933இல் வெளியிட்ட நாவலின் தலைப்பு, கொலையும் விளம்பரம் செய்தாக வேண்டும் எனப் பொருள்படும். அதில் வரும் அலுவலகத்தில் எழுத்தர்களும் கையாட்களாகிய சிறுவர்களும் பொறாமைகளும் கடன்களும் நிறைந்திருக்கின்றன. அங்கு வாசகம் எழுதுவோர் திறமைசாலிகள். தம் வேலையைச் செம்மையாகச் செய்பவர்கள். ஆனால் அவ்வலுவலகம் வாராவாரம் வெளியிடும் ஒரு விளம்பரத் தலைப்பின் முதலெழுத்தே, போதைப்பொருள் கூட்டத்தாருக்கு அவ்வாரச் சந்திப்பிடத்தைக் காட்டும் அடையாளமாகப் பயன்படுகிறது. பணமுடையில் இருந்த ஓர் ஊழியன் அந்த ஓரெழுத்தை முன்கூட்டியே சொல்லிக் காசு பெறுகிறான். அது எதற்குப் பயன்படுகிறது என்பது தொடக்கத்தில் அவனுக்குத் தெரியாது.

பணியிடத்துச் சோதனையை இதைவிட நுட்பமாகக் காட்டுவது அரிது. கேட்கப்பட்டது ஓரெழுத்து, அதில் யாருக்கும் தீங்கு தெரியவில்லை, வீட்டில் பணம் தேவை. மற்ற எழுத்தர்களோ குற்றம் ஏதும் செய்யவில்லை. நல்ல வாசகத்தை எழுதினார்கள், அவ்வளவே. செம்மையாகச் செய்யப்பட்ட மேசையின்மேல் என்ன நடக்கிறது என்பதையும் தச்சன் கேட்க வேண்டியவனே என்பதை இந்நாவல் நமக்கு உணர்த்துகிறது. மருந்துக் கம்பெனியின் விற்பனையாளரும், வங்கியில் கடன் வழங்கும் அதிகாரியும், கட்டட ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரும் நம் சபைகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு அம்மையாரின் சொற்பொழிவைவிட அவருடைய நாவல் நெருக்கமாயிருக்கும்.

அவர் சொற்பொழிவாற்றிய அதே 1942இல் சுவீடன் தேசத்து இறையியலர் குஸ்தாஃப் விங்ரேன், அழைப்பைப் பற்றிய லூதரின் போதனையை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். நம் நற்கிரியைகள் கடவுளுக்குத் தேவையில்லை, அயலானுக்கே தேவை என்பது அதன் மையக் கருத்து. மேற்கண்ட இரு ஆசிரியர்களிடத்தும் நாம் தேடிக் காணாத அயலான் இங்கே வந்துவிட்டான். எனினும் 1 கொரிந்தியர் 7:20ஐ அடியொற்றிய இப்போதனை, அவனவன் தன் நிலையிலே இருக்கட்டும் என்று ஒடுக்கப்பட்டவனை ஒடுக்கிய இடத்திலேயே நிறுத்திவைக்கவும் பயன்பட்டதுண்டு. மனிதரைச் சிதைக்கும் வேலையையும் அழைப்பு என்று போற்றிவிடும் ஆபத்தை மிரோஸ்லாவ் வோல்ஃப் 1991இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக்காட்டினார். ஆகவே நாம் திருமறைக்கே திரும்புவோம்.

பிரிக்கப்பட்ட வசனம்

பணியிடத்தைப் பற்றிப் பேச நாம் வழக்கமாக எடுக்கும் திருவசனம் கொலோசெயர் 3:23. எதைச் செய்தாலும் மனிதருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. சுவர் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் அது தனித்தே நிற்கிறது. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? முந்தின வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'வேலைக்காரரே' என்று விளிக்கிறது. கிரேக்க மூலத்திலுள்ள 'டூலோய்' என்னும் சொல் அடிமைகளைக் குறிப்பது. கூலியும் விடுமுறையும் இல்லாத, விற்கவும் வாங்கவும்படும் மனிதருக்குச் சொல்லப்பட்டதை, மொழிபெயர்ப்பின் துணையோடு நாம் அலுவலக நல்லுரையாக்கிக் கொண்டோம்.

அடிமைகளை நேரே விளித்ததே பெரிது. சட்டத்தின்முன் சுதந்தரம் பெறத் தகுதியற்ற அவர்களுக்கு 24ஆம் வசனத்தில் கர்த்தரிடமிருந்து சுதந்தரம் வாக்களிக்கப்படுகிறது. இதனோடும் முடியவில்லை. இப்பகுதி மூன்று இணைகளாக அமைந்தது: மனைவியரும் புருஷரும், பிள்ளைகளும் பிதாக்களும், அடிமைகளும் எஜமான்களும். முதல் இரண்டு இணைகளும் மூன்றாம் அதிகாரத்தில் முழுமையாக உள்ளன. மூன்றாவது இணையின் மறுபாதியோ 4:1இல் தள்ளப்பட்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகக் கருதப்படும் அதிகாரப் பிரிவின் விளைவு இது. மூன்றாம் அதிகாரத்தின் முடிவோடு நிறுத்துகிற பிரசங்கி வேலை செய்பவனுக்கு மட்டும் உபதேசித்துவிட்டு, வேலை வாங்குபவனை விட்டுவிடுகிறார்.

அந்த 4:1 எஜமான்களிடம் கேட்பது இரக்கத்தை அன்று. நீதியைக் கேட்கிறது, அதோடு 'இசோடேஸ்' என்னும் ஒன்றையும் கேட்கிறது. நேர்மை என்று மென்மையாக மொழிபெயர்க்கத்தக்க அச்சொல்லின் அடிப்பொருள் சமத்துவம். இதை வாசித்த சபைக்கு முன் யார் நின்றார் என்பதையும் நினைக்க வேண்டும். தீகிக்குவோடு அனுப்பப்பட்ட ஒநேசிமுவை 4:9 அவர்களில் ஒருவனாகவே அறிமுகப்படுத்துகிறது. பிலேமோனுக்கு எழுதிய நிருபம் அவன் யாருடைய அடிமையாயிருந்தான் என்பதைக் கூறுகிறது. பணியிடத்தைப் பற்றிய இந்த உபதேசம், பெயரும் முகமும் உள்ள ஓர் உடன்பணியாளனின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. லாரன்ஸின் சமையலறையிலும் சேயர்ஸின் தச்சுப் பட்டறையிலும் நாம் காணாதவன் இவனே.

நமக்கு வரும் கேள்வி

இவ்வாராய்ச்சி இரு நூல்களையும் தள்ளிவைப்பதற்கன்று. யாருக்காகச் செய்கிறேன் என்று கேட்க லாரன்ஸ் கற்பிக்கிறார். எதைச் செய்கிறேன், அது செம்மையானதா என்று கேட்கச் சேயர்ஸ் கற்பிக்கிறார். என்னோடு செய்பவன் யார், என் வேலையின் பாரம் யார்மேல் விழுகிறது என்னும் கேள்வியை நிருபம் சேர்க்கிறது. முதலிரண்டு கேள்விகளோடு நின்றுவிடும் விசுவாசம் தன் மேசையண்டையில் உத்தமமாயிருந்து, அடுத்த மேசையில் நடக்கும் அநீதியை அறியாமலிருக்கக் கூடும்.

இறையியல் மாணவர்களாகிய உங்களுக்கு இது வெறும் பிரசங்கப் பொருளன்று. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் உங்களில் பலர் சேகரத் தலைவர்களாவீர்கள். சிலர் பள்ளித் தாளாளர்களாவீர்கள். ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கும் கோயில்பிள்ளையின் சம்பளத்தைத் தீர்மானிக்கும் குழுவில் அமர்வீர்கள். ஒரு தொகைக்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருக்குமாயின், அந்தப் பதிவேட்டின் அடியில் உங்கள் கையொப்பமும் இருக்கும். தற்காலிக ஆசிரியை மகப்பேற்றுக்காகச் சென்றால் அவளுடைய இடம் அவளுக்காகக் காத்திருக்குமா என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள். அப்போது உங்களை விளிப்பது 3:22 அன்று, 4:1ஆகும்.

எனவே அறுப்பின் பண்டிகையிலோ தொழிலாளர் ஞாயிறிலோ கொலோசெயர் 3:23ஐ வாசிக்க நேர்ந்தால், அதிகாரம் முடிந்துவிட்டதென்று வேதாகமத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதற்குமுன், சனிக்கிழமையன்றே, சபையின் சம்பளப் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அங்கே திருத்த வேண்டியதைத் திருத்தத் தொடங்கிய பின்னர் செய்யும் அருளுரையைச் சபையார் கவனித்துக் கேட்பார்கள்.